"ஈசிஎம் போச்சு சார்": ஜி.எஸ்.டி. ரோட்டின் ஒரு சின்ன வரலாறு

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ. முடிச்சூரில் எங்கள் தெருவுக்குள் அடையாற்று வெள்ளம் புகுந்து, என் பழைய காரின் சீட் வரை நின்றது. தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருகாமல், கட்டி இழுத்துக்கொண்டு போய், ஆயில் மாற்றி, காயவைத்து எடுத்தோம். ஓடியது. பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் பெருங்களத்தூர் சிக்னலில் நின்றுவிட்டது. அதன் பிறகு நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும்.

ஒரு ஒர்க்ஷாப்பில் பத்து நிமிடத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்: "ஈசிஎம் போச்சு சார்." அதாவது, எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது என்று முடிவு செய்யும் கம்ப்யூட்டர் பெட்டி. புதுசு போட அவர்கள் சொன்ன தொகை, காரை விற்றால் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு. வெள்ளத்தில் ஃப்ரிட்ஜ், கட்டில் எல்லாம் போன வீடு. பணம் புரட்ட இரண்டு வாரம் ஆகும் என்றேன். அந்த இரண்டு வாரத்தில், இந்தப் பெட்டி நம் ஊருக்கு எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோலை அளந்து விடும் யோசனை 1957-லேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. பெண்டிக்ஸ் கம்பெனியின் 'எலக்ட்ரோஜெக்டர்'. அது பொருத்தப்பட்டவை மிகச் சில கார்கள்தான். பெட்டி படுத்திய பாட்டில் அவற்றில் பலவற்றுக்குத் திரும்பவும் கார்புரேட்டரையே மாட்டினார்கள். பேட்டண்ட் ஜெர்மனியின் பாஷுக்குப் போனது. 1967-ல் பாஷ் அதைச் சீர்படுத்தி, 'டி-ஜெட்ரானிக்' என்ற பெயரில் ஃபோக்ஸ்வாகன் 1600-இல் வைத்தது.

அந்தக் காலத்தில் நம் பக்கம் என்ன நடந்தது? தாம்பரத்தைத் தாண்டினால் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி. ஹெரால்டு, கெஸல் எல்லாம் அங்கே செய்தவை. எல்லாமே கார்புரேட்டர். 1985-ல் அவர்கள் 'ஸ்டாண்டர்ட் 2000' கொண்டுவந்தார்கள். உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1, எஞ்சின் பழைய வான்கார்டு காலத்து வகை. அதே உடம்புக்கு இங்கிலாந்தில் 1982-லேயே 'விட்டெஸ்' என்ற மாடலில் எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. வண்டலூருக்கு வந்தது கார்புரேட்டர்தான். கார் ஓடவில்லை, சில வருஷங்களில் கம்பெனியும் மூடிவிட்டது. அதே 1985-ல் ஜப்பானின் மிகுனியோடு சேர்ந்து யூகால் நிறுவனம் தொடங்கப்பட்டது. மறைமலைநகரில் அவர்கள் மாருதிக்குக் கார்புரேட்டர் செய்தார்கள்.

கார்புரேட்டரை ஓரங்கட்டியது, என் வாசிப்பில், மைலேஜ் ஆசை இல்லை, புகைச் சட்டம். 1995 ஏப்ரலில் சென்னை உள்பட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. அது முழுசாக வேலை செய்ய, ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று (எடைக் கணக்கில்) இருக்க வேண்டும். சில வருஷம் கார்புரேட்டரை வைத்தே சமாளித்தார்கள். 2000-இல் விதி இறுகியபோது முடியவில்லை. அதற்குள் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-ல் சான்ட்ரோவும், மறைமலைநகரிலிருந்து 1999-ல் ஃபோர்டு ஐகானும் பெட்டியோடேயே வந்திருந்தன. காதால் கேட்டு, ஸ்க்ரூ திருகி ட்யூன் செய்த ஒரு தலைமுறை மெக்கானிக்குகளுக்கு திடீரென்று திருக ஸ்க்ரூவே இல்லை.

அப்படிப்பட்ட ஒருவர் சேலையூரில் இருந்தார். ஹெரால்டில் தொழில் பழகியவர். என் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பெட்டி கடைசி தம்பி. அதுக்கு சோறு தண்ணி ஒழுங்கா போகுதான்னு முதல்ல பாப்போம்."

வண்டி நின்றுபோன நேரம் பார்த்துத்தான் சோதித்தார். ஓடும்போது பார்த்து பிரயோஜனம் இல்லையாம். சாவியைத் திருப்பினால் செக் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும், பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனக வேண்டும். இரண்டும் இல்லை. ஸ்கேனருக்கும் பதில் இல்லை. பெட்டி செத்துவிட்டது என்று ஒர்க்ஷாப் சொன்னது இதை வைத்துத்தான். ஆனால் பெட்டிக்குக் கரண்ட் போகாவிட்டாலும் இதே அறிகுறிதான்! ஃப்யூஸ் பார்த்தார். ரிலேயை மாற்றிப் போட்டார். பெட்டிதான் சென்சார்களுக்கு 5 வோல்ட் கொடுக்கிறது. ஒரு சென்சார் ஷார்ட் ஆனாலும் பெட்டி ஊமையாகிவிடலாம். அதனால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். மாற்றம் இல்லை. கடைசியில் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், மறு முனையை பெட்டியின் எர்த் பின்னிலும் வைத்தார். பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டியது, மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், கார்பெட்டுக்கு அடியில் எர்த் போல்ட். முழுக்கப் பச்சைக் களிம்பு, மேலே அடையாற்று வண்டல்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது லக் மாட்டி, கிரீஸ் தடவினார். அறுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

பெட்டி கெடவே கெடாது என்று நினைக்க வேண்டாம். எதிர் வீட்டுக்காரர் காரின் பெட்டியை அவரே திறந்து காட்டினார். உள்ளே போர்டே பச்சை பூத்திருந்தது. அதை மாற்றித்தான் ஆக வேண்டும். எதிர் வீட்டுக்காரர் புதுப்பேட்டையில் செகண்ட் ஹேண்ட் பெட்டி வாங்கி வந்தார். பார்ட் நம்பர் ஒன்றுதான், செல்ஃப் அடித்தது, வண்டி கிளம்பவில்லை. இம்மொபிலைசர்! பழைய பெட்டிக்குத் தெரிந்த சாவி இந்தப் பெட்டிக்குத் தெரியாது. சாவியைப் பதிய வைக்க இன்னொரு செலவு.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு பெட்ரோல் பைக், ஸ்கூட்டருக்கும் இந்தப் பெட்டி வந்துவிட்டது. தாம்பரம் பக்கம் சின்னக் கடைகளில்கூட இன்று ஸ்கேனர் இருக்கிறது. ஸ்கேனர் எந்தப் பக்கம் தேடலாம் என்று சொல்லும்; எந்த போல்ட் துருப்பிடித்தது என்று சொல்லாது. உங்களிடம் யாராவது "ஈசிஎம் போச்சு" என்றால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கரண்டும் எர்த்தும் மீட்டர் வச்சுப் பாத்தீங்களா?"

2023 டிசம்பரில் மிக்ஜாம் மழை முடிச்சூரை மறுபடி மூழ்கடித்தது. இந்த முறை முதல் நாளே காரை மேட்டில் கொண்டுபோய் விட்டேன். 2016-ல் மாற்றச் சொன்ன அதே பெட்டிதான் இன்றும் அதில் ஓடிக்கொண்டிருக்கிறது.