பெருமூளை வாதத்தின் ஐந்தாம் நிலை: மூளைச் சேதமும் பின்னர் சேரும் ஊனமும்

பெருமூளை வாதத்தில் மூளைச் சேதம் ஒருமுறை நேர்ந்து நின்றுவிடுகிறது, நாளடைவில் பெருகுவதில்லை. பாடநூல்கள் முதலில் சொல்வது இதைத்தான்; சொல்வது சரியும்கூட. ஆனால் 2007-இல் வெளியான பன்னாட்டு வரையறை இதோடு நிற்கவில்லை. இயக்கக் குறைபாட்டுடன் புலனுணர்வு, அறிதிறன், பேச்சு ஆகியவற்றின் கோளாறுகளும் வலிப்பும் கூடிவருவதையும், எலும்பிலும் தசையிலும் பின்னாளில் தோன்றும் கோளாறுகளையும் அது சேர்த்தே பேசுகிறது. வரையறையின் முன்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டால், கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற முடிவு எளிதில் வந்துவிடும். அக்குழந்தையிடம் காணும் ஊனத்தில் கணிசமான பங்கு மூளைச் சேதத்தோடு வந்ததன்று, ஆண்டுக்கணக்கில் சேர்ந்தது. அதைத் தடுக்கவோ குறைக்கவோ வழியுண்டு. ஆகவே பாதிப்பு கூடக்கூடக் கண்காணிப்பும் கூட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கடுமையைக் குறிக்க இன்று பரவலாக வழங்குவது, கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1997-இல் வெளியான ஐந்து நிலை வகைப்பாடு. அதில் மிகக் கடுமையான ஐந்தாம் நிலைக் குழந்தைக்குத் தலை நிற்பதே கடினம். உட்காரவும் இடம் பெயரவும் பிறர் கை வேண்டும். கை கால் நான்கும் விறைத்த வகையிலும், கட்டுப்பாடின்றி உடல் முறுக்கிக்கொள்ளும் வகையிலும் இந்நிலையைக் காணலாம். ஒன்டாரியோவில் 657 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2002-இல் வெளிவந்த ஆய்வு, ஐந்தாம் நிலையினர் தாம் எட்டக்கூடிய இயக்கத் திறனில் 90 சதவீதத்தைச் சராசரியாக மூன்று வயதுக்கு முன்பே எட்டிவிடுவதாகக் காட்டியது. அதன்பின் எந்த முயற்சியும் வீண் என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்ளலாமே என்று கேட்கலாம். அதே குழுவினரை வளரிளம் பருவம் வரை தொடர்ந்து 2009-இல் வெளிவந்த ஆய்வையும் சேர்த்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது: மூன்று முதல் ஐந்து வரையிலான நிலைகளில், ஏழெட்டு வயதில் உச்சத்தைத் தொட்ட திறன் பிறகு இறங்குகிறது. மூளைச் சேதம் பெருகாதபோது திறன் ஏன் இறங்க வேண்டும்? வளரும் உடலில் சேரும் மாற்றங்களில்தான் விடையைத் தேட வேண்டும்.

இடுப்பு மூட்டு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பிறக்கும்போது இக்குழந்தைகளின் இடுப்பு பொதுவாக இயல்பாகவே இருக்கிறது. தொடையை உள்நோக்கி இழுக்கும் தசைகள் விறைத்துக் கால்கள் பின்னிக்கொள்கின்றன. நின்று எடை தாங்கும் வாய்ப்பும் இல்லாததால் மூட்டு சரியாக உருப்பெறாமல் தொடை எலும்பின் தலை குழியைவிட்டு மெல்ல நகர்கிறது. துணி மாற்றக் காலை விரிக்கும்போது குழந்தை வீறிட்டு அழுவதைத் தாய் கவனிப்பதற்குள் மூட்டு வெகுவாக விலகியிருக்கக்கூடும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு, முதல் நிலையில் எவருக்கும் இவ்விலகல் இல்லை, ஐந்தாம் நிலையில் 90 சதவீதத்தினருக்கு உண்டு என்று கண்டது. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் தவிர்க்க முடியாதது என்றே தோன்றும். தெற்கு ஸ்வீடனில் 1994-இல் தொடங்கிய கண்காணிப்புத் திட்டம் அவ்வெண்ணத்தை மாற்றியது. குறித்த இடைவெளியில் எக்ஸ்-ரே எடுத்து, எலும்புத் தலையில் எத்தனை சதவீதம் குழிக்கு வெளியே நிற்கிறது என்று அளந்து, உரிய வேளையில் அறுவை உள்ளிட்ட சிகிச்சை அளித்தார்கள். பெருமூளை வாதக் குழந்தைகளில் பத்தில் ஒருவரை நெருங்கியிருந்த முழு நழுவல் நூற்றில் ஒருவருக்கும் கீழே குறைந்தது. மூளைச் சேதம் அப்படியேதான் இருந்தது, மாறியது கவனிப்பு.

உணவூட்டலையும் இவ்வாறே பார்க்க வேண்டும். மல்லாந்து தலை பின்னே சாய்ந்த நிலையில் கஞ்சி ஊற்றப்படும்போது விழுங்குதல் மேலும் சிக்கலாகி, உணவு மூச்சுக்குழலுக்குள் இறங்குகிறது. இருமலே எழாமல் புரையேறும் குழந்தைகளும் உண்டு. வீட்டார் அதை அறிய வழியில்லை. அடுத்தடுத்து நிமோனியாவும் ஏறாத எடையும் வந்தபின், நோயின் இயல்பே அதுதான் என்று விட்டுவிடுகிறார்கள். கடும் பாதிப்புள்ளோரின் இறப்புக்கு மூச்சுமண்டல நோய்களே முதன்மைக் காரணம் என்பதை நோக்க, நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுவதும், உணவின் பதத்தை மாற்றுவதும், தேவைப்பட்டால் வயிற்றில் நேராகக் குழாய் பொருத்துவதும் சில்லறை உபசாரங்கள் அல்ல. உயிர்காக்கும் சிகிச்சையைச் சேர்ந்தவை.

புரிதலே இல்லாத குழந்தைக்கு இவ்வளவு கவனிப்பு எதற்கு என்று அறிதிறனைச் சுட்டி எழும் எதிர்வாதம் இன்னும் வலுவானது. இயக்கக் குறைபாடு கூடக்கூட அறிவுக் குறைபாடும் மிகுதியாகக் காணப்படுவது உண்மை. ஆனால் குழுவைப் பற்றிய உண்மை ஒரு குழந்தையைப் பற்றிய தீர்ப்பாகாது. கடும் மஞ்சள் காமாலையாலோ பிறப்பின்போது நேரும் மூச்சுத்திணறலாலோ மூளையின் ஆழ்பகுதிகள் சேதமுற்றால், கையும் நாவும் முடங்கினாலும் அறிவு பெரிதும் தப்பியிருக்கலாம். வழக்கமான அறிவுத்தேர்வுகளோ வாயால் சொல்லவும் கையால் காட்டவும் கேட்கின்றன. இரண்டும் இயலாத குழந்தையிடம் அவை அளப்பது இயக்கக் குறையைத்தான். டப்ளினின் கிறிஸ்டி பிரவுன் இடக்காலால் எழுதக் கற்று 1954-இல் தன்வரலாற்றை வெளியிட்டது விதிவிலக்கு என்பார்கள். அவர் எழுத்தாளரானது விதிவிலக்காக இருக்கலாம். ஆனால் வெளிப்படுத்த ஒரு வழி கிடைக்கும்வரை அவருடைய அறிவும் பிறருக்குத் தெரியாமலே இருந்தது. கண்பார்வையால் படத்தைச் சுட்டும் பலகையைக்கூடத் தந்து பார்க்காமல் ஒரு குழந்தைக்குப் புரிதல் இல்லை என்று முடிவுகட்டுவது அறிவியலாகாது.

பற்றாக்குறையான மருத்துவ வசதியை, நடக்க வாய்ப்புள்ள குழந்தைக்குச் செலவிடுவதே நியாயம் என்ற வாதமும் உண்டு. நடை ஒன்றையே பலனாகக் கணக்கிட்டால்தான் அது பொருந்தும். வலியின்றி உட்காருவதும், மூச்சுத்திணறாமல் உண்பதும், வேண்டும், வேண்டாம் என்று தெரிவிப்பதும் பலன்களே. முழுவதும் நழுவிய இடுப்புக்குப் பின்னாளில் செய்யும் பெரிய அறுவையோடு ஒப்பிட்டால் ஆறு மாதத்துக்கு ஒரு எக்ஸ்-ரே பெரிய செலவன்று. கண்காணிப்பு எல்லாவற்றையும் தடுத்துவிடாது என்பதும் மெய்: முதுகெலும்பு வளைவு பலருக்கு வந்தே தீர்கிறது, இடுப்பு அறுவையும் பலருக்குத் தேவைப்படுகிறது. இக்கட்டுரையின் வாதம் அதனால் குலைவதில்லை. தடுக்க முடியாதது எது, தடுக்கத் தவறியது எது என்று பிரித்தறியவும் தொடர்ந்த பதிவே வேண்டும். இந்தியாவில் பெருமூளை வாதம் 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலும் 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. ஊனத்தின் சதவீதத்தைக் குறித்துச் சான்றிதழும் வழங்கப்படுகிறது. உயர்ந்த சதவீதம் பெறும் குழந்தையின் இடுப்பும் எடையும் விழுங்கும் திறனும் தொடர்பு வழியும் அன்று முதலே முறையாகப் பதிவாக வேண்டும். உதவித்தொகைக்கான ஆவணமாக மட்டும் இருக்கும் சான்றிதழைச் சிகிச்சையின் தொடக்கமாக மாற்ற இதுவே நேரான வழி.