பெயருக்கேற்ற மகிழுந்து

சுங்கை வேயிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியே மேற்கு நோக்கிச் செல்வோர், பத்து தீகாவைக் கடந்து ஷா ஆலாமை அடைவர். 1968இல் திறக்கப்பெற்ற மோட்டார்ப் பந்தயத் தடம் பத்து தீகாவில் இருந்தது. 1983இல் நிறுவப்பெற்ற புரோட்டோன் நிறுவனத்தின் தொழிற்சாலை ஷா ஆலாமில் எழுந்தது. பந்தயமும் அன்றாடப் பயணமும் இவ்வாறு அண்டை வீட்டாராயின.

அந்நிறுவனம் 1994இல் வெளியிட்ட மூன்று கதவு மகிழுந்தின் பெயர் சத்ரியா. வடமொழியின் 'சத்திரியன்' என்னும் சொல்லே மலாயில் மறவனைக் குறித்து இவ்வாறு வழங்குகிறது. ஆயினும், அது சந்தைக்கும் பள்ளிக்கும் சென்றுவந்த எளிய ஊர்தியே. பெயரிலிருந்த வீரம் செயலில் வெளிப்பட்டது, 1990களின் இறுதியில் வந்த ஜிடிஐ வகையிலேதான்.

1.8 லிட்டர், 16 வால்வு இயந்திரம் அதற்கு ஆற்றல் தந்தது. 1996இல் புரோட்டோன் வயப்பட்ட இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனப் பொறியாளர்கள் அதன் ஓட்டத்தைச் செப்பம் செய்தனர். முன்புற அணிகளும் உடலை அணைக்கும் இருக்கைகளும் கண்ணைக் கவர்ந்தன. ஓட்டியவர் வியந்ததோ வளைவுகளில்! இறுகிய விற்சுருள்கள் சாலைப் பள்ளங்களை முதுகுக்கு உணர்த்தினும், வண்டி பெரிதும் சாயாது தரையைப் பற்றிச் சென்றது.

அணிகளைக் கடையில் வாங்கி எவரும் சாதாரண வண்டிக்குப் பூட்டலாம். அந்தப் பிடிப்பை அவ்வாறு பூட்ட இயலாது. பத்து தீகாத் தடமும் இன்றில்லை. அங்கே குடியிருப்புகள் எழுந்துவிட்டன. எஞ்சியிருப்பது பலரும் செல்லும் பொதுச்சாலையே. அங்கு அப்பிடிப்பு பிறரை முந்துவதற்கன்று, உயிர்களைக் காப்பதற்கே உதவவேண்டும். மறவனுக்கு அழகு அடக்கமன்றோ?