இறால் குட்டையின் பச்சைத் தண்ணீரும் பாலாற்றுத் தீர்ப்பும்

இறால் குட்டையின் தண்ணீர் இளம்பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால்தான் பண்ணைக்காரருக்கு நிம்மதி. அந்த நிறம் மிதவைப் பாசிகளுடையது. தனித்தனியே கண்ணுக்குத் தெரியாத இந்தப் பாசிகள் பகலில் தண்ணீருக்கு ஆக்ஸிஜன் தருகின்றன, இறால் கழிக்கும் அம்மோனியாவை உண்டு வளர்கின்றன, வெயிலை மறைத்துத் தரைப்பாசி முளைக்காமல் காக்கின்றன. இரவில் அதே பாசி ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்ளும். பாசி அளவுக்கு மிஞ்சிய குட்டையில் விடியலுக்குச் சற்று முன் இறாலுக்கு மூச்சு முட்டும். பாசி ஒரேயடியாக மடிந்துவிட்டாலோ, அது அழுகும்போது மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனும் தீர்ந்துவிடும். இதனால்தான் பண்ணைகளில் ஒரு தட்டைத் தண்ணீரில் இறக்கி, எந்த ஆழத்தில் அது மறைகிறது என்று பார்க்கிறார்கள். 30 முதல் 40 செ.மீ. வரை தெரிந்தால் தண்ணீர் சரி. 1865இல் இத்தாலிய வானியலாளர் ஆஞ்செலோ செக்கி கடல்நீரின் தெளிவை அளந்த தட்டின் வழிவந்தது இது.

மரபாக இறால் வளர்த்த கேரளத்துப் பொக்காளி நெல்வயல்களில் இறால் குஞ்சையும் அதற்கான இரையையும் கடல் ஏற்றமே கொண்டுவந்தது. தீவனம் போடவில்லை, தண்ணீரும் கெடவில்லை. 1990களின் தொடக்கத்தில் நாகப்பட்டினம், சீர்காழி கரைகளில் வந்த புலி இறால் பண்ணைகள் வேறு வகை. அவற்றில் குஞ்சுகளை நெருக்கமாக விட்டுத் தீவனத்தைக் கொட்டினார்கள். தின்னாத தீவனமும் கழிவும் நைட்ரஜனாகவும் பாஸ்பரஸாகவும் கரைந்து பாசியைப் பெருக்கின. பழைய தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிட்டுப் புதிதாக இறைப்பதே அப்போது கைகண்ட வழி. ஒரு பண்ணை விட்ட தண்ணீரையே அடுத்த பண்ணை இறைத்தது. 1994-95இல் வெள்ளைப்புள்ளி நோய் பரவியபோது இந்தப் பொதுத் தண்ணீர் வைரஸுக்கும் வழியானது. பண்ணை நடத்தாதவர்கள் பட்ட பாடு இன்னும் பெரிது: பக்கத்து நெல்வயல்களிலும் குடிநீர்க் கிணறுகளிலும் உப்பு ஏறியது.

இப்பண்ணைகளை எதிர்த்து சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் 1994இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவருடைய துணைவியார் கிருஷ்ணம்மாள் தஞ்சைக் கரையோரக் கிராமப் பெண்களைத் திரட்டிப் போராடினார். அந்த வழக்குக்குத் தேவையான சட்டக்கொள்கை உறுதியானது கடலோரத்தில் அல்ல, பாலாற்றங்கரையில். வாணியம்பாடி தொடங்கி ஆம்பூர், இராணிப்பேட்டை வரை தோல் தொழிற்சாலைகளின் கழிவு ஆற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்திருந்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழானதை வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கின் தீர்ப்பு பதிவுசெய்தது. 1996 ஆகஸ்ட் 28இல் வந்த அத்தீர்ப்பில், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும், சேதம் வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டும் இந்த நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என்று நீதிபதி குல்தீப் சிங் எழுதினார். அதே ஆண்டு டிசம்பர் 11இல் இறால் வழக்கிலும் தீர்ப்பெழுதியவர் அவரே. கரையோர ஒழுங்குமுறை மண்டலத்திலுள்ள பண்ணைகளை, மரபுவழிப் பண்ணைகள் நீங்கலாக, 1997 மார்ச் 31க்குள் இடிக்க வேண்டும், கெட்ட நிலத்துக்கும் நீருக்கும் இழப்பீடு தர வேண்டும் என்றார்.

இடிப்பு பெருமளவு நடக்கவில்லை. 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய கரையோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், கரையோர மண்டலத் தடை இப்பண்ணைகளுக்குப் பொருந்தாது என்று 1991 முதலே செல்லும்படி எழுதிவிட்டது. தீர்ப்பின் கூர்மை அங்கே மழுங்கியது. ஆனாலும் பதிவு, உரிமம், கழிவுநீர் அளவுகோல் ஆகியவை அந்த வழக்கால் வந்தவையே. 2009இல் வெள்ளைக்கால் இறாலான வனாமி வந்தபின் நெருக்கம் இன்னும் கூடியது. 2005 விதிகளில் கழிவுநீரைத் தெளியவைக்கும் குட்டை 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகளுக்குத்தான் கட்டாயமாக இருந்தது. நாட்டின் பெரும்பாலான இறால் பண்ணைகளோ 2 ஹெக்டேரைக்கூட எட்டாதவை. வாணியம்பாடி, ஆம்பூரின் சிறு தோல் ஆலைகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்ததுபோல, ஒரே வாய்க்காலை நம்பிய சிறு பண்ணைகளுக்கும் பொதுத் தெளிவுக் குட்டையைக் கட்டாயமாக்க வேண்டும்.