பாக்டீரியா – ஒரு புட்டியின் கதை

பாக்டீரியா என்றாலே பலருக்கும் நோய்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் பாலைத் தயிராக்குவதும் பாக்டீரியாதான். உட்கரு இல்லாத ஒரே செல் கொண்ட உயிரி இது. இரண்டாகப் பிளந்து பெருகும். 1676ல் ஹாலந்தைச் சேர்ந்த லீவன்ஹூக் என்ற துணி வியாபாரி, தானே செய்த லென்ஸ் வழியாக இதை முதன்முதலில் கண்டார். இது நோயும் தரும் என்பது நிரூபணமாக இன்னும் இருநூறு ஆண்டுகள் ஆயின.

1894ல் ஹாங்காங்கில் பிளேக் நோயின் பாக்டீரியாவை யெர்சின் கண்டுபிடித்தார். 1896ல் அந்த நோய் பம்பாய்க்கு வந்தது. அதைத் தடுக்க அழைக்கப்பட்டவர் ஹாஃப்கின். ஒடெஸ்ஸாவில் பிறந்த யூதர். பாரிஸில் பாஸ்டர் நிலையத்தில் வேலை பார்த்தவர். காலரா தடுப்பூசியை 1892ல் முதலில் தனக்கே போட்டுக்கொண்டவர்.

பம்பாயில் அவர் இறைச்சிச் சாற்றின் மேல் நெய்யை மிதக்கவிட்டு, அதில் பிளேக் பாக்டீரியாவை வளர்த்தார். பிறகு சூடாக்கிக் கொன்றார். செத்த பாக்டீரியா நோய் தராது. ஆனால் அதைப் பார்த்து நம் உடல் எதிர்க்கப் பழகிக்கொள்ளும். ஆளைக் கொல்லும் கிருமியே மருந்தானது இப்படித்தான். 1897 ஜனவரி 10 அன்று இந்த ஊசியையும் முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். அதன்பின் லட்சக்கணக்கானோர் போட்டுக்கொண்டார்கள்.

1902 அக்டோபர் 30. பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமம். அன்று ஊசி போட்டுக்கொண்ட 107 பேரில் 19 பேர் இரணஜன்னி வந்து இறந்தார்கள். அந்த 19 பேருக்கும் மருந்து ஒரே புட்டியிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது.

இரணஜன்னி பாக்டீரியா மண்ணில் இருப்பது. உறை போன்ற வித்தாக மாறி வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரணக் கிருமிநாசினியில் சற்று நேரம் நனைத்தால் சாகாது. காற்று இல்லாத இடம் கிடைத்தால் விழித்துக்கொண்டு நஞ்சைச் சுரக்கும்.

விசாரணைக் குழு, பம்பாய் ஆய்வகத்தில்தான் தவறு என்றது. ஹாஃப்கின் பதவி இழந்தார். ஆனால் சாட்சியங்களில் வேறொரு விஷயமும் இருந்தது. புட்டியைத் திறக்கும்போது உதவியாளர் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்தது. அதைத் தீயில் காட்டாமல் கார்பாலிக் கரைசலில் முக்கி எடுத்து, அதைக் கொண்டே புட்டியைத் திறந்தார். மேலும், இரணஜன்னி பாக்டீரியா புட்டிக்குள் முன்பே வளர்ந்திருந்தால் துர்நாற்றம் அடித்திருக்கும். புட்டியில் நாற்றமே இல்லை.

மலேரியா ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ராஸும் மற்ற விஞ்ஞானிகளும் 1907ல் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் இதை எடுத்து எழுதினார்கள். அந்த ஆண்டே ஹாஃப்கின் மேல் இருந்த பழி நீங்கியது. அவர் கல்கத்தாவில் மீண்டும் வேலைக்குச் சேர்ந்தார். 1925ல் அவர் தொடங்கிய பம்பாய் ஆய்வகத்துக்கே ஹாஃப்கின் நிலையம் என்று பெயர் வைத்தார்கள்.

முல்கோவாலில் இறந்த 19 பேரும் பிளேக்கிலிருந்து தப்பிக்கத்தான் கையை நீட்டினார்கள். பாக்டீரியாவுக்கு நல்லது கெட்டது தெரியாது. அது பிழைக்கும் இடத்தில் பிழைக்கிறது, அவ்வளவுதான். அது எந்த இடத்துக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டியது மனிதன்தான். அன்று அதற்குத் தேவைப்பட்டது ஒரு சின்னத் தீச்சுடர்.