ஒருமரத் தோணி

ஒரே அடிமரத்தை நெருப்பாலும் வாய்ச்சியாலும் குடைந்து, பலகை இணைப்பின்றி அமைக்கும் ஓடமே ஒருமரத் தோணி. பெருமரங்களும், அலையடங்கி ஆழங்குறைந்து பரந்து கிடக்கும் நீர்நிலைகளும் ஒருங்கே வாய்த்த பிரதேசங்களில் இது பிரயாண சாதனமாக நிலைபெற்றது. ஆனால் தமிழ்நாட்டின் குரும்பலூரும் அதைச் சூழ்ந்த பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளும் பெரும்பாலும் மானாவாரிச் சீமையாதலின், தெற்கெல்லையில் ஓடும் கொள்ளிடத்தைக் கடக்க மூங்கிற்பரிசலே இங்குப் போதியதாயிற்று. மரத்தை வசப்படுத்தும் கலையில் இப்பக்கத்தார் எவர்க்கும் பிற்பட்டவரல்லர் என்பதற்கு, 2020இல் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர் மரச்சிற்பங்களே சாட்சி. இல்லாதிருந்தது அத்தகைய நீர்ப்பரப்பு ஒன்றே.

தென்னாட்டில் இவ்வோடத்தின் தாயகம் பண்டைய சேரநாட்டுக் காயல்களாகும். கி.பி. 79இல் மறைந்த ரோமானிய ஆசிரியர் பிளினி, கொட்டனாரா என்னும் நாட்டிலிருந்து மிளகு ஒருமரத் தோணிகளிலேயே துறைமுகத்துக்கு வந்ததென எழுதியுள்ளார். அந்நாட்டைக் குட்டநாடு என அறிஞர் பலர் கொள்வர். பண்டைச் சேரர் துறைமுகமாகிய முசிறியெனக் கருதப்படும், பட்டணம் என்னும் கேரளத்து ஊரில் 2007இல் நடந்த அகழாய்வில், பழைய படகுத்துறையருகே சுமார் ஆறு மீட்டர் நீளமுள்ள அயினிமரத் தோணியொன்று சேற்றுள் கிடைத்தமை, அவ்வயல்நாட்டார் சொல்லுக்கு நம் மண்ணே அளித்த அரிய பிரமாணம் எனலாம். நீரில் எளிதில் உளுக்காத அயினி இன்றும் கேரளத்தில் வள்ளத்துக்கு உகந்த மரமாகப் போற்றப்படுகிறது.

ஆப்பிரிக்காவில் இதன் தொன்மை வியக்கத்தக்கது. நைஜீரியாவின் டுஃபுனாவில் 1987இல் கிணறு தோண்டுகையில் வெளிப்பட்ட தோணி, ஏறக்குறைய எட்டாயிரம் ஆண்டுப் பழைமையுடையது. எனினும் இவ்வோடம் ஒரு ஜனசமூகத்தின் வாழ்வோடு முற்றும் கலந்திருப்பதைப் போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ சதுப்பில்தான் காணலாம். அங்கோலா மேட்டுநிலத்தில் உற்பத்தியாகிக் கடலை அடையாமலே கலஹாரி மணலில் பரந்து அடங்கும் ஒகவாங்கோ ஆற்றின் வெள்ளம், உள்ளூரில் மழையற்ற மாதங்களிலே வந்து நிறைகிறது. அப்போது நாணற்கால்வாய்களினூடே மொகோரோ எனப்படும் தோணியன்றி வேறு வாகனம் செல்லுதல் அரிது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்குக் குடியேறிய பயேயி மக்கள் இதில் கைதேர்ந்தவர்கள். ஓட்டுவோன் பின்முனையில் நின்று நீண்ட கழியை ஊன்றித் தள்ளுவான். நீர்யானைக்கு அஞ்சி ஆழத்தை விலக்கி ஆழமற்ற ஓரமாகவே செல்வான். மொகோரோவுக்குரிய மரங்களுள் முக்வா நம் வேங்கையின் இனம். மற்றொன்று கருங்காலியின் இனம். கழியோ மருதமரத்தின் உறவாகிய மொகொனோனோவிலிருந்து பெறப்படுவது. ஆகவே தொலைதூரத்து ஓடமாயினும் அதன் உறுப்புக்கள் நம் காட்டுக்கு அந்நியமானவையல்ல.

நூறாண்டு வளர்ந்த மரமும் ஓடமாகிச் சில ஆண்டுகளே உழைக்குமாதலால், 2014இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இச்சதுப்பில் இப்போது கண்ணாடியிழைத் தோணிகளே மிகுந்துள்ளன. வடிவம் மாறவில்லை, நின்று கழியூன்றும் முறையும் மாறவில்லை, மரங்களும் பெரும்பாலும் வெட்டப்படாது நிற்கின்றன.