மோரிஸ், ஸ்டாண்டர்டு இன்ஜின்களும் நம் ஊர் ஹாட் ராடுகளும்

ஹாட் ராடு என்பது பழைய கார் ஒன்றின் கூட்டையோ அடிச்சட்டத்தையோ வைத்துக்கொண்டு, வேறு வலுவான இன்ஜினை ஏற்றியோ, இருக்கிற இன்ஜினின் திறனைக் கூட்டியோ, வேகத்துக்காக மாற்றிக் கட்டப்படும் வண்டியைக் குறிக்கும் அமெரிக்கச் சொல். 1930களில் தெற்குக் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் இளைஞர்கள் இத்தகைய வண்டிகளை ஓட்டிப் பார்த்தனர். 1932இல் ஃபோர்டு நிறுவனம் மலிவு விலையில் வி-8 இன்ஜின் கொண்ட காரை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் இந்தப் பழக்கம் வேகமாகப் பரவியது.

பிரிட்டனில் தயாரான இன்ஜின்களுக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. அவற்றில் சில சென்னைக்கு வந்து, இங்கேயே தயாராகி, நம் பட்டறைகளில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கப்பட்டவை. புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த என் தலைமுறைக்கு அம்பாசடர் வாடகைக் காராகவும் அரசாங்கக் காராகவும்தான் தெரியும். அதன் மூடிக்குள் இருந்தது பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் உடன்பிறப்பு என்பதை நான் ஓய்வு பெறும் வயதில்தான் அறிந்தேன்.

பிரிட்டனில் இருந்த வழக்கம்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு. புதிய கார்கள் பெரும்பாலும் ஏற்றுமதிக்கு. கையில் காசில்லாத இளைஞர்கள் பழைய ஆஸ்டின் செவன் காரை வாங்கி, கூட்டைக் கழற்றிவிட்டு, அடிச்சட்டத்தின் மேல் தாங்களே ஒரு பந்தய வண்டியைக் கட்டினார்கள். இப்படிக் கட்டியவற்றை அங்கே 'ஸ்பெஷல்' என்பார்கள். பின்னாளில் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கிய காலின் சாப்மன் 1948இல் உருவாக்கிய முதல் கார் ஆஸ்டின் செவனில் பிறந்த ஒரு ஸ்பெஷல்தான்.

வசதி உள்ளவர்களின் கண் ஜாகுவார் மேல் இருந்தது. 1948இல் வெளிவந்த அதன் எக்ஸ்.கே. இன்ஜினுக்கு ஆறு சிலிண்டர்கள். ஹெட்டின் மேலேயே இரண்டு கேம் தண்டுகள். கொள்ளளவு 3,442 சி.சி. 1950களில் இந்த இன்ஜின் கொண்ட ஜாகுவார் கார்கள் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஐந்து முறை வென்றன. ஆனால் அமெரிக்க ஹாட் ராடுக்காரர்கள் ஜாகுவாரிடம் அதிகம் விரும்பி எடுத்தது இன்ஜினை அல்ல. 1961 முதல் வந்த அதன் தனித்தியங்கும் பின்சக்கர அமைப்பைத்தான் காயலான் கடைகளில் தேடி வாங்கினார்கள். இன்ஜினுக்கு அவர்களிடம் சொந்த நாட்டு வி-8 மலிவாகவே கிடைத்தது.

அந்த வி-8களில் ஒன்று பிரிட்டனில் குடியேறிய கதை சுவையானது. ப்யூக் நிறுவனம் 1961இல் அலுமினியத்தில் செய்த 3.5 லிட்டர் இன்ஜினைச் சில ஆண்டுகளிலேயே கைவிட்டது. ரோவர் நிறுவனம் 1965இல் அதன் உரிமையை வாங்கி, 1967 முதல் தன் கார்களில் பொருத்தியது. எடை குறைவு, இழுவை அதிகம். ஆகவே மார்கன், டி.வி.ஆர். போன்ற சிறு நிறுவனங்களும், வீட்டுக் கொட்டகையில் வண்டி கட்டியவர்களும் அதையே நாடினார்கள். இந்த ரோவர் இன்ஜினைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; சென்னைக் கதையில் அது வராமல் போன இடம் ஒன்று இருக்கிறது.

சென்னைக்கு வந்த இன்ஜின்கள்

விடுதலைக்குப் பின் இந்தியா முழு கார் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. உள்நாட்டில் தயாரிப்பவர்களுக்கு இடம் தந்தது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி விற்றது. பிறகு லேலண்டுடன் சேர்ந்து லாரி, பேருந்துப் பக்கம் போய்விட்டது. அதே 1948இல் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வண்டலூருக்கு அருகே ஆலை அமைத்து ஸ்டாண்டர்டு வேன்கார்டு கார்களைத் தந்தது. கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை லேண்ட்மாஸ்டர் என்றும் பிறகு அம்பாசடர் என்றும் பெயரிட்டுத் தயாரித்தது.

வேன்கார்டு இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் சிலிண்டர்கள் வார்ப்புக் கட்டியிலேயே குடையப்பட்டவை அல்ல. தனித்தனிக் குழல்களாகச் செருகப்பட்டு, அவற்றைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும். மெக்கானிக்குகள் இதை 'வெட் லைனர்' என்பார்கள். சிலிண்டர் தேய்ந்தால் போர் போட லேத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை. லைனரை உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். வேறு விட்டமுள்ள லைனரைச் செருகினால் இன்ஜினின் கொள்ளளவே மாறிவிடும்.

உருளையின் கன அளவைப் பாடம் நடத்தும்போது இந்தக் கணக்கை வகுப்பில் கொடுத்திருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. பிஸ்டன் நகரும் நீளம் 9.2 செ.மீ.; விட்டம் 8.5 செ.மீ.; சிலிண்டர்கள் நான்கு. பெருக்கினால் 2,088 சி.சி. வரும். இது வேன்கார்டு. விட்டத்தை 8.3 செ.மீ. ஆக்குங்கள்: 1,991 சி.சி. இது 1953இல் வந்த டிரையம்ஃப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் கார். பந்தயங்களில் இரண்டு லிட்டர் பிரிவுக்குள் நிற்க வேண்டும் என்பதற்காகக் குறைத்த இரண்டு மில்லிமீட்டர் அது. இதே இன்ஜின் குடும்பம்தான் ஃபெர்குசன் டி.இ.20 டிராக்டரிலும் உழைத்தது. வயலில் கலப்பை இழுத்ததும் பந்தயத்தில் ஓடியதும் ஒரே வார்ப்பின் பிள்ளைகள்.

1961இல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என 1959இல் வெளியான கார். இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோத்தி வடிவமைத்தது. இன்ஜின் 948 சி.சி. மட்டுமே. ஆனால் அக்காலத்துக் கார்களில் கூடும் சட்டமும் ஒன்றாகவே பற்றவைக்கப்பட்டிருக்க, ஹெரால்டுக்கோ தனி அடிச்சட்டம் இருந்தது. போல்ட்டுகளைக் கழற்றினால் கூடு தனியே வந்துவிடும். இன்ஜினும் சக்கரங்களும் கொண்ட சட்டம் அப்படியே நிற்கும். முன்மூடி மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்து திறப்பதால், இன்ஜினின் இரு பக்கமும் ஆள் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். வண்டி கட்ட நினைப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? பிரிட்டனில் ஹெரால்டு சட்டத்தின் மேல் வார்ப்புக் கூடு போட்ட வண்டிகள் ஏராளமாக உருவாயின. டிரையம்ஃப் நிறுவனமே அதே அமைப்பைச் சுருக்கி ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது.

அம்பாசடரின் 1,489 சி.சி. இன்ஜின் 1959 வாக்கில் பழைய பக்கவால்வு இன்ஜினுக்குப் பதிலாக வந்தது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி வரிசை இன்ஜின் அது. 1955இல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே 1,489 சி.சி.தான். அங்கே இரட்டை கார்புரேட்டரும் கூடுதல் அழுத்த விகிதமும் கொடுத்து 70 குதிரைத்திறன் அளவுக்குக் கறந்தார்கள். இங்கே ஒற்றை கார்புரேட்டரோடு 50 அளவில் நிறுத்திவிட்டார்கள். நம் பெட்ரோலின் தரமும் நம் சாலையும் அதற்குமேல் கேட்கவில்லை என்பது ஒரு காரணம். வாங்குபவர்கள் வரிசையில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலத்தில் திறனைக் கூட்ட யாருக்கும் அவசரமில்லை என்பது என் கணிப்பு.

சோழவரம்

அந்த அவசரம் இருந்தவர்கள் சோழவரத்துக்குப் போனார்கள். செங்குன்றத்துக்கு அப்பால், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதை ஒன்று அங்கே கேட்பாரற்றுக் கிடந்தது. 1953இல் தொடங்கப்பட்ட மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பந்தயங்களை நடத்தியது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயத் தடமும், ஹாட் ராடுகளின் நேர்கோட்டுப் பந்தயத்துக்காக 1966இல் திறந்த சாண்டா பாடும் இதே போல் போர்க்கால விமானத்தளங்களே. குண்டுவீச்சு விமானங்களுக்காகக் கொட்டிய கான்கிரீட், மூன்று இடங்களிலும் இளைஞர்களின் விளையாட்டுத் திடலானது.

சோழவரத்தில் ஹெரால்டு, ஃபியட், அம்பாசடர் எல்லாம் ஓடின. வெளிநாட்டு உதிரிபாகம் வாங்க உரிமம் வேண்டும், அந்நியச் செலாவணி வேண்டும். ஆகவே கையில் இருந்ததை வைத்தே வேகம் தேட வேண்டியிருந்தது. சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவது, காற்று நுழையும் வழிகளை அரம் கொண்டு அகலப்படுத்துவது, இன்னொரு கார்புரேட்டரைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பது, இருக்கை, கண்ணாடி, உள்தகடு என்று பிடுங்கி எறிந்து எடையைக் குறைப்பது ஆகியவை வழக்கமான வேலைகள். கலிபோர்னியா இளைஞர்கள் செய்ததும் ஏறக்குறைய இதுதான். சென்னை செம்பியத்தில் 1949 முதல் இந்தியா பிஸ்டன்ஸ் ஆலை இருந்ததும், புதுப்பேட்டையில் எந்தக் காரின் எந்தப் பாகமும் கிடைத்ததும் இங்கே உதவி.

1980களின் தொடக்கத்தில் பெங்களூரின் சிபானி நிறுவனம் டால்ஃபின் என்ற கண்ணாடியிழைக் காரை விற்றது. அது இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன். முழுதும் அலுமினியத்தாலான 848 சி.சி. இன்ஜின் கொண்டது. குடும்பங்கள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை, இரண்டே கதவு. எடை குறைவாக இருந்ததால் பந்தய ஓட்டுநர்களுக்குப் பிடித்துப்போனது. ரிலையன்ட் நிறுவனம் தன் இன்ஜின் தொழிலை 1939இல் ஆஸ்டின் செவன் இன்ஜினைப் பின்பற்றித்தான் தொடங்கியது. சாப்மன் தொடங்கிய இடத்தின் ஒரு கிளை பெங்களூர் வரை வந்ததாகச் சொல்லலாம்.

பிறகு கோயம்புத்தூர்க்காரரான எஸ். கரிவரதன் 1988இல் மாருதி 800இன் மூன்று சிலிண்டர் இன்ஜினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்தார். ஃபார்முலா மாருதி எனப்பட்ட அந்த வகையில்தான் நரேன் கார்த்திகேயன் தன் பந்தய வாழ்வைத் தொடங்கினார். 2005இல் ஃபார்முலா ஒன்றுக்குப் போனார். 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறந்ததும் சோழவரம் ஓய்ந்தது. பிரிட்டிஷ் இன்ஜின்களின் பந்தயக் காலமும் ஏறத்தாழ அத்தோடு முடிந்தது. இனி எல்லாம் ஜப்பான்.

வண்டலூரில் தவறிய வாய்ப்பு

1985இல் ஸ்டாண்டர்டு நிறுவனம் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரை வெளியிட்டது. அது ரோவர் எஸ்.டி.1, ஐரோப்பாவில் 1977ஆம் ஆண்டின் சிறந்த கார் என்ற விருது பெற்றது. இங்கிலாந்தில் அதற்கு உயிர் கொடுத்தது முன்னர் சொன்ன அலுமினிய வி-8. சென்னையில் அதற்குப் பொருத்தியது 1,991 சி.சி. கொண்ட பழைய வெட் லைனர் இன்ஜின்! ஹாட் ராடுக்காரன் பழைய கூட்டில் புதிய இன்ஜினை வைப்பான். வண்டலூரில் புதிய கூட்டில் நாற்பதாண்டுப் பழைய இன்ஜினை வைத்தார்கள். பெட்ரோல் குடித்தது, விலை அதிகம், வேகமும் இல்லை. 1988இல் தயாரிப்பு நின்றது. அந்த ஆலையை நம்பியிருந்த தொழிலாளர்களுக்கு இது ஒரு வேடிக்கைக் கதை அல்ல.

மறுபக்கத்து மாற்றம்

இன்ஜினை மாற்றும் கலை நம் ஊரில் வேகத்துக்காக மட்டும் வளர்ந்தது என்று நினைத்தால் தவறு. 1973க்குப் பின் பெட்ரோல் விலை ஏறியதும், அம்பாசடரின் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு மேட்டடார் வேனின் டீசல் இன்ஜினை ஏற்றுவது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பெரிய பட்டறைத் தொழிலாயிற்று. இன்ஜின் தாங்கியை வெட்டி ஒட்டுவது, கியர் பெட்டிக்கு இடைத்தகடு கடைவது, எடை கூடியதால் முன் ஸ்பிரிங்கைக் கெட்டிப்படுத்துவது என எல்லாம் ஹாட் ராடு வேலைகளே. நோக்கம் மட்டும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது. சென்னையின் மீன்பாடி வண்டியில் பழைய இருசக்கர வாகன இன்ஜினைப் பொருத்தியவர்களும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்தாம். அவர்கள் பெயர்கள் எந்தப் பந்தய வரலாற்றிலும் இல்லை.

புதுச்சேரியில் எரிபொருளுக்கு வரி குறைவு என்பதால் கடலூர், விழுப்புரம் வண்டிகள் இங்கே வந்து தொட்டியை நிரப்பிப் போகும். வாகன வரியும் குறைவு. பிற மாநிலத்தார் விலையுயர்ந்த கார்களை இல்லாத முகவரியில் இங்கே பதிவு செய்தது 2017இல் பெரிய விவகாரமானது.

சட்டம்

இன்று ஒருவர் ஹெரால்டு சட்டத்தில் வேறு இன்ஜினை ஏற்றிப் பொதுச்சாலையில் ஓட்ட முடியுமா? மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மூடிய பந்தயத் தடத்தில் ஓடும் வண்டிக்கு இந்தச் சிக்கல் இல்லை.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. 50 ஆண்டுக்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும். பதிவு எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சட்டமோ கூடோ இன்ஜினோ மாற்றப்படாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதாவது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் அம்பாசடர் வரலாற்றுப் பொருள். மேட்டடார் இன்ஜினோடு முப்பதாண்டு ஊருக்கு உழைத்த அம்பாசடர் அப்படி அல்ல. வரலாறு படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடில்லை. இரண்டாவது வண்டியின் மேல்தான் நம் ஊர்க் கைகளின் தடம் அதிகம்.

52ஆம் பிரிவிலேயே ஒரு விலக்கும் உண்டு: வேறு எரிபொருளுக்கோ மின்கலத்துக்கோ வண்டியை மாற்ற, அனுமதிக்கப்பட்ட உபகரணத்தொகுதியைப் பயன்படுத்தலாம். உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பு 2014 மே மாதத்தில் நின்றுவிட்டது. இப்போது பழைய அம்பாசடர்களை மின்காராக்க முனைவோர், முதல் வேலையாக அந்த 1,489 சி.சி. இன்ஜினைத்தான் சங்கிலி போட்டுத் தூக்கி வெளியே வைக்கிறார்கள்.