பழைய ஜீப்பின் குளிர்விப்பு முறை
பழைய ஜீப்பின் எஞ்சினில் எழும் வெப்பத்தை ரேடியேட்டர் நீர் வழியாக வெளிக்காற்றுக்குக் கடத்துவது குளிர்விப்பு முறை ஆகும்.

1908இல் அறிமுகமான ஃபோர்டு மாடல் டி கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தண்ணீர் பம்பு கிடையாது. சூடான நீர் தானே மேலெழுந்து, ரேடியேட்டரில் ஆறிக் கீழிறங்கியது. இரண்டாம் உலகப்போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் பம்பும் தெர்மோஸ்டாட்டும் பெல்ட்டால் சுழலும் விசிறியும் இருந்தன. பின்னர் மகிந்திரா நிறுவனம் இவ்வகை ஜீப்புகளை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது.

இந்த அமைப்பே பழுதைக் காட்டிக்கொடுக்கும். விழுப்புரம் கடைத்தெருவில் ஊர்ந்து செல்லும்போது மட்டும் சூடேறினால் காற்றோட்டம் குறைவு: பெல்ட் தளர்வு, விசிறிப் பழுது ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். திண்டிவனம் நெடுஞ்சாலையில் வேகமெடுக்கும்போது சூடேறினால் நீரோட்டத்தில் தடை இருக்கலாம். உப்பு நீரால் ரேடியேட்டர் குழாய்களில் படியும் காரை இதற்கு முக்கியக் காரணம். பித்தளை ரேடியேட்டரின் தொட்டியைப் பற்றவைப்பு நீக்கிக் கழற்றி, மெல்லிய கம்பியால் குழாய்களைக் குத்திச் சுத்தம் செய்வர். தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் இட்டால் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் மாற்ற வேண்டும். எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரில் தொடர்ந்து குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கக்கூடும்.

பிற்காலத்தில் பரவிய அழுத்த மூடி, நீரின் கொதிநிலையை உயர்த்தியது. அதனால் சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கையையும் சுட்டுவிடும். எஞ்சின் ஆறிய பின்னரே திறக்க வேண்டும். காரணம் அறியாமல் தண்ணீர் மட்டும் ஊற்றி ஓட்டினால், சிலிண்டர் ஹெட்டே வளைந்து செலவு பலமடங்காகும்.